கடல் சேற்றில் ஓடு பொறுக்கியவள்

அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் அவளுடைய கணவர்தான் முந்திக்கொண்டு பதில் சொல்வார். "எங்க வீட்டம்மா ஒரு பொறுக்கிங்க." கேட்டவர் திருதிருவென்று முழிப்பார். பல வருடம் பஸ் ஓட்டி, முதுகு போய், வீட்டோடு கிடக்கிற மனிதருக்கு மிஞ்சிய சந்தோஷம் அது. ஆரம்பத்தில் அவள் கோபித்துக்கொண்டாள். பிறகு விட்டுவிட்டாள். அவர் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை. பொறுக்குவதுதான் அவள் வேலை.

நடுக்கடலின் அடியிலிருந்து நீளக் குழாயில் உறிஞ்சி எடுத்த சேறு அவளுடைய ஆய்வுக்கூடத்துக்கு வரும். அதைத் துண்டு துண்டாக வெட்டி, அலசி, சல்லடையில் சலித்து, உலர்த்தினால் வெள்ளைப் பொடி கொஞ்சம் மிஞ்சும். பார்ப்பதற்கு மணல் மாதிரி இருக்கும், ஆனால் மணல் இல்லை. எப்போதோ கடலில் மிதந்து வாழ்ந்த நுண்ணுயிர்களின் சுண்ணாம்பு ஓடுகள். செத்து அடியில் விழுந்து, ஆயிரமாயிரம் வருடங்களாக அடுக்கடுக்காகப் படிந்தவை. தண்ணீர் குளிர்ந்திருந்த காலத்தில் கட்டிய ஓட்டில் கனமான வகை ஆக்ஸிஜன் ஒரு துளி கூடுதலாக இருக்கும். வெதுவெதுப்பான காலத்து ஓட்டில் குறைவாக இருக்கும். பக்கத்து அறை மெஷின் அதை அளந்து சொல்லும். ஆனால் மெஷினுக்குக் கொடுக்கிற ஓடுகள் எல்லாம் ஒரே ஜாதியாக இருக்க வேண்டும். கடலின் மேல்மட்டத்தில் வெயில் பட வாழ்ந்த ஜாதியோடு, குளிர்ந்த தண்ணீரை விரும்புகிற இன்னொரு ஜாதி கலந்துவிட்டால் கணக்கு கெட்டது.

இரண்டும் அச்சு அசலாக அக்கா தங்கை மாதிரி இருக்கும். வித்தியாசம் முதுகுப் பக்கம்தான். மேல்மட்டத்து ஜாதிக்கு அங்கே இரண்டு சின்னத் துளைகள் உண்டு, மற்றதற்குக் கிடையாது. இரண்டு கண்ணாலும் பார்க்கிற நுண்ணோக்கியில் குனிந்து, நாலைந்து மயிர் மட்டும் உள்ள தூரிகையை ஈரப்படுத்தி, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துப் பொறுக்கிக் கறுப்புத் தட்டில் வைக்க வேண்டும். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் எழுந்திருக்கும்போது கழுத்து அவளுடையதாக இருக்காது. பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தாலும் வெளியே பார்க்க மாட்டாள். கண்ணை மூடிக்கொள்வாள். மூடிய கண்ணுக்குள்ளும் வெள்ளைப் புள்ளிகள் உருளும்.

கொஞ்ச நாளாக நுண்ணோக்கியில் ஒரு மங்கல் இருந்தது. லென்ஸைத் துடைத்தாள். பல்ப் பழசாகிவிட்டது என்று சொல்லிப் புதிது வாங்கிப் போட வைத்தாள். அதுவும் சரியில்லை என்று அந்தக் கம்பெனியையே திட்டினாள். தூரிகை, தூசி, ஜன்னல் வெளிச்சம் என்று எல்லாவற்றின் மீதும் பழியைப் போட்டுவிட்டு மறுபடி குனிந்து பொறுக்கினாள்.

அந்தச் சமயத்தில்தான் ஆய்வுக்கூடத் தலைவி ஒரு நாள் காகிதமும் கையுமாக ஓடிவந்தார். அவளைவிட இளையவர், அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"அக்கா, இங்க பாருங்க! பனியுகம் முடிஞ்சு கடல் சூடாயிட்டு வருதில்ல, நடுவுல திடீர்னு எப்படி இறங்குது பாருங்க!"

காகிதத்தில் கடல் சூட்டைக் காட்டும் கோடு மலைச்சரிவு மாதிரி விழுந்திருந்தது. இந்தக் குழாய்ச் சேற்றில் புதிதாக ஒன்றும் கிடைக்காது என்று மற்ற ஊர் ஆய்வாளர்கள் ஏளனம் செய்ததை அவர் வருடக்கணக்காகப் பொறுத்திருந்தவர். அன்று எல்லோருக்கும் கேக் வந்தது. வெளிநாட்டுக் கருத்தரங்கில் இதைப் பற்றிப் பேச அவருக்கு அழைப்பும் வந்தது. அவளுக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் கேக்கைத் தின்னக்கூடத் தெம்பில்லாமல் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

அதற்கடுத்த வாரம் கணவரோடு கடைக்குப் போனவள், வந்த பஸ்ஸின் நம்பரைத் தப்பாகப் படித்து அவரை ஏற வைத்துவிட்டாள். இரண்டு நிறுத்தம் தாண்டித்தான் அவருக்கே உறைத்தது. முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர் நடுரோட்டிலேயே ஆரம்பித்தார்.

"ஏம்மா, பஸ்காரன் பொண்டாட்டி பஸ் நம்பரைத் தப்பாப் படிக்கலாமா? வெளிய தெரிஞ்சா என் மானம் என்ன ஆகறது?"

"வெயில் கண்ணக் கூசுதுங்க."

"வெயிலும் இல்ல, ஒண்ணும் இல்ல. நட, கண் டாக்டர்கிட்ட."

கண் டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்தார். வலது கண்ணில் புரை. "இது நேத்து வந்ததில்லம்மா. ரொம்ப நாளாவே வளர்ந்திருக்கும். ஒரு கண்ணு மங்கினா இன்னொண்ணு சமாளிச்சிடும், அதான் உங்களுக்குத் தெரியலை. என்ன, மேடு பள்ளம் மட்டும் சரியாப் பிடிபடாது. சின்ன ஆபரேஷன்தான், பயப்படாதீங்க."

கணவருக்கு நிம்மதியாகிவிட்டது. அவளுக்கு இல்லை. மேடு பள்ளம். அந்தத் துளைகள் பள்ளம்தானே?

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் போய், வலது கண்ணை மூடிக்கொண்டு தட்டுகளைப் பார்த்தாள். மெஷினுக்குக் கொடுத்தவை அமிலத்தில் கரைந்து வாயுவாகிப் போய்ச் சேர்ந்துவிட்டன. ஆனால் ஒவ்வொரு அடுக்கிலும் அவள் பொறுக்கி மிச்சம் வைத்தவை இருந்தன. தூரிகையால் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். துளை இருந்தது. அடுத்ததில் இருந்தது. அதற்கடுத்ததில் இல்லை. துளை என்று அவள் நினைத்தது வெறும் நிழல். கோடு செங்குத்தாக இறங்குகிற அடுக்குகளில்தான் அந்த மாதிரி ஓடுகள் அதிகம் கிடந்தன.

தூரிகையைக் கீழே வைத்தாள். யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவளை உட்கார வைத்தது அந்த எண்ணம் அல்ல, அசதி. இத்தனையையும் மறுபடி முதலிலிருந்து அலசி, சலித்து, பொறுக்க வேண்டும் என்று நினைத்தபோதே தோள் இரண்டும் இற்று விழுந்துவிடும் போல இருந்தது.

அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னாள். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டார்.

"சொல்லாம விட்டா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. நாளைக்கு நாலு பேர் அதை நம்பி இன்னொண்ணு எழுதுவாங்க. அவ்வளவுதான்."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். பிறகு, "நாளைக்கு நானும் கூட வரட்டுமா?" என்றார்.

"நீங்க எதுக்கு?"

"அந்தம்மா திட்டினா பக்கத்துல ஒரு ஆள் இருக்கட்டுமேன்னுதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் கூடவே வந்தது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டாள்.

அவரைக் கூட்டிப்போகவில்லை. தனியாகவே தலைவியின் அறைக்குப் போய்த் தட்டை மேஜை மேல் வைத்துச் சொன்னாள். தலைவி நுண்ணோக்கியில் குனிந்து வெகு நேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"எத்தனை அடுக்குல இப்படி?"

"தெரியலை மேடம். போன மழைக்கு அப்புறம் பொறுக்கின எல்லாத்தையும் சந்தேகப்படணும்."

"மங்கலா இருக்குன்னு பல்பை மாத்தத் தெரிஞ்சுது. கண்ணைக் காட்டணும்னு தோணலையா, அக்கா?"

தலைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீங்க போங்க" என்று மட்டும் சொன்னார்.

கருத்தரங்குப் பேச்சு ரத்தானது. பல நாள் தலைவி அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேண்டியதை மெஷின்காரரிடம் சொல்லி அனுப்பினார். மெஷினோடு பேசிப் பேசி மனிதர்களோடு பேசுவதைக் குறைத்துக்கொண்ட மனிதர் அவர். ஒரு நாள் டீ குடிக்கும்போது அவராகவே சொன்னார்: "விடும்மா. என் மெஷின் வாரத்துக்கு ரெண்டு தடவை பொய் சொல்லும். அதுக்கு மூஞ்சி சுண்டிப் போறதா என்ன?"

ஆபரேஷன் முடிந்து கட்டைப் பிரித்த நாளில், வீட்டுச் சுவர் வெள்ளை நிறம் என்று கண்டாள். இத்தனை நாள் பழுப்பு என்றே நினைத்திருந்தாள். டாக்டர் சொன்ன ஓய்வு முடிந்ததும் மறுபடி குனிந்தாள். மிச்ச சேற்றை அலசினாள், பிளாஸ்டிக் பையின் மூலையில் ஒட்டியிருந்ததைக்கூட விடாமல் வழித்தெடுத்தாள். அப்படியும் முக்கியமான இடத்தில் சில அடுக்குகளுக்குச் சேறே மிஞ்சவில்லை. கோட்டில் அங்கே ஓர் இடைவெளி விழுந்தது. அதை நிரப்ப இனி வழியில்லை.

புது அளவுகள் வந்த அன்று தலைவி அவளைக் கூப்பிட்டார். கோடு இந்த முறையும் இறங்கியது. ஆனால் முன்பு விழுந்ததில் பாதிதான்.

"குளிர்ந்தது நிஜம் அக்கா. நாம நினைச்ச அளவுக்கு இல்ல."

"என்னால பாதி போச்சு மேடம்."

"இல்லாத பாதிதானே போச்சு." தலைவி கண்ணைக் கசக்கிக்கொண்டார். அவரும் அந்த மாதங்களில் சரியாகத் தூங்கியிருக்கவில்லை. "இன்னொண்ணு. குளிர் தண்ணி ஜாதி அந்த அடுக்குல மட்டும் ஏன் அவ்வளவு கிடந்துது? தண்ணி குளிர்ந்ததுக்கு அதுவும் ஒரு சாட்சிதான். அதையும் எண்ணி எழுதுவோம். நானும் ஒரு தடவை தட்டைப் பார்த்திருக்கணும். கோடு எனக்குப் பிடிச்சிருந்துது, அதான் பார்க்கலை."

கட்டுரை கடைசியில் வந்தது, யாரும் கேக் வாங்காத சின்னக் கட்டுரையாக. அந்த இடைவெளியையும் அதன் காரணத்தையும் ஒளிக்காமல் எழுதியிருந்தார்கள். அதன் பிறகு அவள் பொறுக்கிய ஒவ்வொரு தட்டையும் இன்னொருவர் பார்த்த பிறகே மெஷினுக்கு அனுப்பினார்கள். முதலில் அவளுக்கு அது சுருக்கென்று குத்தியது. போகப் போக, பாரத்தில் ஒரு பங்கை வேறு யாரோ வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

கட்டுரை வந்த சாயங்காலம் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தாள். கணவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"முடிவாச் சொல்லு. அந்தக் கடல் குளிருச்சா, இல்லையா?"

"குளிருச்சு. கொஞ்சம்."

"அந்தக் கொஞ்சத்துக்கா இவ்வளவு பாடு?"

"அதுக்குத்தான்" என்றாள். அவர் அடுத்து என்னவோ கேட்டார். அதற்குள் அவள் தூங்கிப் போயிருந்தாள்.