சுவரில் எழுதிய ஏழு பெயர்கள்

வசந்தியின் கைக்கு அந்த முட்டை வடிவப் பந்து வந்தபோது அவளுக்குப் பதினாறு வயது. ஊரூர் குப்பத்தில் அம்மாவோடு மீன் விற்றுக்கொண்டிருந்தாள். பெசன்ட் நகர் கடற்கரையில் ரக்பி பழக வந்த சிலர், பெண்கள் அணிக்கு ஆள் தேடினார்கள். ஓடத் தெரியுமா என்று கேட்டார்கள். மணலில் மீன்கூடை சுமந்து ஓடுகிறவளிடம் கேட்கிற கேள்வியா அது?

பந்தைக் கையால் முன்னால் எறியக் கூடாது, பின்னால் வருகிறவளுக்குத்தான் தர வேண்டும் என்பது முதலில் வேடிக்கையாக இருந்தது. ஒரு வாரத்தில் பழகிவிட்டது. ஆறே மாதத்தில் குப்பத்துப் பெண்கள் ஐந்து பேரையும், மந்தைவெளித் தையல்காரர் மகள் அஃப்சருன்னிசாவையும் சேர்த்து ஏழு பேர் அணி ஒன்றை உருவாக்கினாள். ஆண்கள் கழித்துப்போட்ட பூட்ஸுக்குள் துணி அடைத்துக்கொண்டு ஆடினார்கள். ரிசர்வேஷன் இல்லாத ரயில் பெட்டியில் நின்றுகொண்டே வெளியூர்ப் போட்டிகளுக்குப் போனார்கள். ஒரு போட்டியில் வசந்தியின் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அந்த வருடம்தான் கோப்பையும் கிடைத்தது.

பதினைந்து வருடம் கழித்து, சென்ற ஜனவரியில், அடையாறுப் பக்கம் அவர்கள் பழகிய கிளப்பில், சென்னை ரக்பியின் வரலாறு என்று ஒரு கண்காட்சி வைத்தார்கள். அங்கே சனிக்கிழமை காலைகளில் பதினான்கு பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த வசந்தியும் போய்ப் பார்த்தாள். துறைமுகத்துக் கப்பல் அதிகாரிகள், வெள்ளைக்காரக் கம்பெனி மேனேஜர்கள், அவர்களுக்குப் பின் வந்த நம்மூர் ஆண்கள் என்று எல்லோரும் படங்களில் இனிஷியலோடு கூடிய பெயர்களோடு இருந்தார்கள். கழிவறைக்குப் போகும் வழியில் கடைசியாக ஒரு படம். சேறு பூசிய ஏழு பெண்கள், நடுவில் கோப்பை. கீழே அச்சிட்டிருந்தது: மைதான உதவியாளர்கள்.

கோப்பையைப் பிடித்திருந்தவள் வசந்தி.

அவள் வரவேற்பறையில் தடித்த பேனா ஒன்றை வாங்கி வந்தாள். அச்சிட்டதை அடித்துவிட்டுச் சுவரிலேயே ஏழு பெயர்களையும் எழுதினாள். செயலாளர் அனந்தராமன் ஓடி வந்தார்.

"என்னம்மா பண்றே? சுவத்துல எழுதிண்டு..."

"பேர் எழுதறேன் சார். நாங்க இன்னா உதவி பண்ணோம் உங்களுக்கு? எலும்பு ஒடிஞ்சது உதவிக்கா?"

"ஏதோ தவறிப் போச்சு. அடுத்த தடவை பார்த்துக்கலாம்."

"வெள்ளக்காரன் பேரு நூறு வருசம் கழிச்சும் தவறல. உயிரோட கீற எங்க பேரு மட்டும் எப்படி சார் தவறுது?"

மறுநாளே கிளப்பிலிருந்து செய்தி வந்தது. மன்னிப்புக் கடிதம் தந்தால்தான் அவளுடைய மாணவிகள் மைதானத்தில் கால் வைக்கலாம். பேர் எழுதியதற்கு மன்னிப்பு! வசந்தி தர மறுத்துவிட்டாள். தி. நகர் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் அஃப்சருன்னிசாவைக் கூப்பிட்டாள். மற்றவர்களையும் கூப்பிட்டாள்.

கண்காட்சியின் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. ஏழு பேரும் லீவு போட்டு வந்தார்கள். சுவருக்கு அதற்குள் வெள்ளையடித்திருந்தார்கள். படத்துக்குப் பக்கத்திலேயே வரிசையாக நின்றார்கள். வருகிறவர்களிடமெல்லாம் ஒவ்வொருத்தியும் தன் பெயரைச் சொல்லி, எந்த இடத்தில் ஆடினாள் என்றும் சொன்னாள். காவலாளி போகச் சொல்லியும் நகரவில்லை. பார்வையாளர்கள் செல்போனில் படம் எடுக்கத் தொடங்கியதும் அனந்தராமன் தம் அறைக்குள் போய்விட்டார்.

மார்ச்சில் கிளப் வெளியிட்ட கண்காட்சி நினைவு மலரில் ஏழு பெயர்களும் இருந்தன. இரண்டில் எழுத்துப் பிழை. வருந்துகிறோம் என்று ஒரு வரிகூட இல்லை. மைதானம் இன்றுவரை கிடைக்கவில்லை.

பதினான்கு பெண்களும் இப்போது கடற்கரையில் பழகுகிறார்கள். மணலே மெத்தை மாதிரிதானே என்று நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் சமாதானம் சொன்னார்.

"புல்லு மேல ஆடற ஆட்டம் சார் இது" என்றாள் வசந்தி. "புல்லுதான் கேக்கறோம்."