மைசி தலையில் விழுந்த மூன்று வளையங்கள்

எங்கள் ட்வீட் ஆற்றங்கரையில் ஒருவன் குடிக்கலாம், கூடப் பிறந்தவனோடு இருபது வருஷம் பேசாமல் இருக்கலாம், ஊர் பொறுத்துக்கொள்ளும். கோணல் உழவை மட்டும் பொறுக்காது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் விட்டு வருகிறவர்களுக்கு வேலிக்கு மேலே எட்டிப் பார்ப்பதுதான் உண்மையான பிரார்த்தனை. எவன் உழுத சால் நேர், எவன் விதைப்பு வளைசல் என்று மதியச் சாப்பாட்டுக்குள் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

மைசி ஃபேர்கிரீவ் கார்லா பண்ணையின் வேலைக்காரர் வரிசை வீட்டில் பிறந்தவள். அப்பா குதிரை பூட்டி உழுதவர். பதினாறு வயதில் அவள் டிராக்டரில் ஏறி உட்கார்ந்தபோது, "பாத்து புள்ள, சடை ஸ்டியரிங்ல சிக்கிக்கும்" என்று ஆண்கள் சிரித்தார்கள். மறுநாள் காதுவரை வெட்டிக்கொண்டு வந்தாள். இருபத்தைந்து வயதில் வட்டார உழவுப் போட்டியில் வெள்ளிக் கோப்பை வாங்கினாள். நடுவர் டாட் பிரிங்கிள் லேசில் வாய் திறக்காத கல்லுளிமங்கன். அவள் உழுத சாலின் மேல் கயிறு பிடித்துப் பார்த்துவிட்டு, "ம்" என்றார். எங்கள் பக்கம் அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை.

1984இல் பண்ணை மேஸ்திரி ஓய்வுபெறும் நேரம். மேஸ்திரி என்றால் எல்லா ஆட்களுக்கும் தலைமை, தோட்டத்தோடு தனி வீடு. "அறுப்பு முடியட்டும் மைசி. சாவி உனக்குத்தான்" என்று மேனேஜர் டால்க்லீஷ் தன் வாயால் சொல்லியிருந்தார். அந்த வசந்தத்தில் கார்லா குன்றில் பார்லி விதைத்தவளும் உரம் தூவியவளும் மைசிதான். கீழிருந்து உச்சிக்கு, உச்சியிலிருந்து கீழே, கண்ணை எதிர்வேலிக் கம்பத்தில் வைத்து ஓட்டினாள்.

அந்தக் கோடையில் ஏழு வாரம் மழை எட்டிப் பார்க்கவில்லை. ஜூலையில் பார்லி வெளுத்தது. குன்று முழுக்க வைக்கோல் நிறமாகியும் உச்சியைச் சுற்றி மூன்று பட்டைகள் மட்டும் கரும்பச்சையாக நின்றன. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வளையங்கள். கார்லா குன்று சாலையைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். ஊர் மொத்தமும் பார்த்தது.

பச்சை என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரே அர்த்தம்தான்: அந்த இடத்தில் உரம் இரண்டு தரம் விழுந்திருக்கிறது. உரம் தூவியவள் வண்டியை வட்டமடித்திருக்கிறாள்.

டால்க்லீஷ் அவளை வேலியருகே கூப்பிட்டார்.

"என்னம்மா இது? டிராக்டர் ஓட்டுனியா, ராட்டினம் சுத்துனியா?"

"நேராத்தான் ஓட்டுனேன் ஐயா. உள்ள வந்து சக்கரத் தடத்தப் பாருங்க. எங்க வளைஞ்சிருக்குன்னு காட்டுங்க."

"நான் எதுக்கு உள்ள வரணும்? ஊரே ரோட்டுல நின்னு பாக்குது. பார்லி பொய் சொல்லாது."

அவர் உள்ளே இறங்கவில்லை. இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. சற்றுத் தூரம் நடந்திருந்தால் போதும். சக்கரத் தடங்கள் வளையங்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நேராக மேலே போவது தெரிந்திருக்கும். மழை இல்லாத கோடை, காலில் சேறுகூட ஒட்டியிருக்காது. ஒருத்தியின் பிழைப்பில் மண்ணைப் போட்டவருக்கு அந்த நடை பாரமாகிவிட்டது.

மதுக்கடையில் கேலி தொடங்கியது. "மைசி புதுசா வளையல் போட்டிருக்காளாம், மூணு" என்றான் ஒருவன். "சும்மாவா, குன்றையே கையாக்கிட்டா" என்றான் இன்னொருவன். டாட் பிரிங்கிள் அந்த வருஷப் போட்டிப் பட்டியலில் அவள் பெயரை அடித்தார். அறுப்பு முடிந்ததும் சாவி கெல்சோவிலிருந்து வந்த ஒரு வாயாடிக்குப் போனது. மைசியை வண்டியிலிருந்து இறக்கி, உருளைக்கிழங்கு பொறுக்கும் கொட்டகைக்கு அனுப்பினார்கள். அந்தக் கொட்டகைக் குளிர் விரல்களுக்குள் இறங்கிவிட்டால் பிறகு வெளியே வராது.

டால்க்லீஷ் இன்னொரு காரியமும் செய்தார். அவமானம் மறையட்டும் என்று குன்றைப் புல்லுக்கு விட்டு ஆடுகளை ஏற்றினார். பயிரே இல்லாத இடத்தில் பச்சை வளையம் எப்படித் தெரியும்? ஊர் அதையும் அவள் தலையிலேயே வைத்தது. "பாத்தியா, அவள இறக்குனதும் குன்னு சுத்தமாயிடுச்சு."

இப்படி முப்பத்து நான்கு வருஷம். ஐந்து மேஸ்திரிகள் மாறினார்கள். ஒவ்வொருவரிடமும் மைசி ஒரே ஒரு முறை, "நான் அன்னிக்கு நேராத்தான் ஓட்டுனேன்" என்று சொல்வாள். ஒவ்வொருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரிம்மா" என்பார்கள். அந்த "சரிம்மா"வைவிட நாலு அறை விட்டிருக்கலாம். அவளுக்கு வீடும் வேண்டாம், பதவியும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. தன் கை கோணல் இல்லை என்று ஊர் கேட்க ஒருவர் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் கேட்டாள்.

அறுபத்து மூன்று வயதில் அவள் ஓய்வுபெற்றாள். அந்த இலையுதிர் காலத்தில் ஊர் மன்றக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: கார்லா குன்றுக் கோட்டை, படங்களுடன் உரை, தேநீர் உண்டு. கார்லாவில் ஏது கோட்டை என்று முணுமுணுத்துக்கொண்டே மைசி போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாள்.

எடின்பரோவிலிருந்து வந்த ஷோனா லெகாட் என்ற ஆய்வாளர் திரையில் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டார். வானத்திலிருந்து எடுத்த கார்லா குன்று. வெளுத்த பார்லிக்கு நடுவே மூன்று கறுத்த வளையங்கள்.

"ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாடி குன்னு உச்சியில ஜனங்க கோட்டை கட்டி இருந்திருக்காங்க. இது அவங்க வெட்டுன மூணு அகழி. அப்புறம் மண்ணு மூடிப்போச்சு. அந்த ஆழமான மண்ணு ஈரத்தப் பிடிச்சு வெச்சுக்கும். அதனால காஞ்ச வருஷத்துல அதுக்கு மேல நிக்கிற பயிர் மட்டும் பச்சையா இருக்கும். தரையில இன்னிக்கு ஒரு கல்லுகூடக் கிடையாது. இந்தப் படம்தான் சாட்சி. விமானத்துல போய் எடுத்தது, 1984 ஜூலை."

மைசியின் கையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. பின்வரிசையிலிருந்தே கேட்டாள். "இத்தன வருஷமா இந்தப் படம் எங்கம்மா இருந்துச்சு?"

"எங்க பெட்டியிலதான். ஆயிரக்கணக்குல கிடக்கு. இப்பத்தான் ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்குறோம்."

"பண்ணைக்கு ஒரு கடுதாசி போடலையா?"

"போடலைன்னுதான் நெனைக்கிறேன்" என்றார் ஷோனா சங்கடமாக.

போடவில்லை. அவளைக் கொட்டகைக்கு விரட்டிய அதே கோடையில் உண்மை பறந்து வந்து, படம் பிடித்துக்கொண்டு, எடின்பரோ போய்ப் பெட்டிக்குள் படுத்துவிட்டது. செத்துப்போன கோட்டைக்காரர்களுக்கு எண் போட்டுக் கோப்பு வைத்தார்கள். உயிரோடு இருந்தவளுக்கு ஓர் அஞ்சல் தலை ஒட்ட ஆளில்லை.

அப்போது முன்வரிசையில் டால்க்லீஷ் திரும்பினார். எண்பதை நெருங்கியும் மிடுக்கு குறையவில்லை. "அங்க ஏதோ இருக்குன்னு எங்களுக்கு அப்பவே ஒரு சந்தேகம்தான்" என்றார் சபையைப் பார்த்து. நாலைந்து தலைகள் ஆமோதித்தன.

ஷோனா பேச்சைத் தொடர்ந்தார். "வளையத்த மட்டும் பாருங்க. குறுக்க ஓடுற அந்தக் கோடுகளக் கண்டுக்காதீங்க. வெறும் டிராக்டர் தடம்."

மைசி எழுந்தாள். "அதத்தாம்மா கண்டுக்கணும். அந்தக் கோடு நான் போட்டது."

மன்றம் திரும்பிப் பார்த்தது. அவள் நாற்காலிகளுக்கு நடுவே நடந்து திரையருகே போனாள். "டாட், எந்திரிச்சு வாங்க. உங்களுக்குத்தான் கண்ணு இருக்கே, பாத்துச் சொல்லுங்க."

எண்பத்தாறு வயது டாட் பிரிங்கிள் எழுந்து வந்தார். கைத்தடியைத் தூக்கித் திரையில் ஒரு கோட்டின் மேல் கிடத்திப் பார்த்தார். பிறகு அடுத்தது. பிறகு அதற்கடுத்தது. ஒவ்வொன்றும் மூன்று வளையங்களையும் சட்டை செய்யாமல் உச்சிக்கு ஏறிப் போயிருந்தது. அவர் அவசரப்படவில்லை.

"நேரா இருக்கு" என்றார். பிறகு மைசியைப் பார்த்து, "உன் பேர அடிச்சவன் நான். தப்புப் பண்ணிட்டேன்" என்றார்.

டால்க்லீஷ் சிரித்துக்கொண்டே கையை நீட்டியபடி வந்தார். "அட விடு மைசி, பழங்கதை. கையக் குடு."

"கை அப்புறம். மொதல்ல வாயத் தொறங்க. இவங்க எல்லார் முன்னாடியும்."

அவர் தரையைப் பார்த்தார். "அவ மேல தப்பில்ல" என்று முனகினார்.

டாட் பிரிங்கிள் காதுக்குப் பின்னால் கையை வைத்தார். "எனக்குக் கேக்கல. சத்தமாச் சொல்லு."

டால்க்லீஷ் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். இந்த முறை கடைசி வரிசைவரை கேட்டது. நீட்டிய கையை மைசி தொடவில்லை.