நகவெட்டி என்ன விலை

கால் போனதில் முதலாளிக்குப் பெரிய மனக்குறை இல்லை. அந்தக் காலைப் பார்த்ததும் ஜனங்கள் ஒரு முகத்தை எடுத்து மாட்டிக்கொள்கிறார்களே, அதைத்தான் அவரால் சகிக்க முடியவில்லை.

கிடங்கில் மூட்டை அடுக்கு சரிந்து, வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அதற்காக மாதாமாதம் வந்த ஊனமுற்றோர் பென்ஷன் அறை வாடகைக்குச் சரியாக இருந்தது. வயிற்றுக்கு வேறு வழி பார்க்க வேண்டியிருந்தது. பேருந்து நிலைய வாசல் படியில் தாங்குகட்டையைச் சாய்த்து வைத்து, கழுத்தில் தட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஊக்கு, சீப்பு, நகவெட்டி, ஊசிநூல். எதிரே டீ விற்கிறவன் முதல் நாளே, "வாங்க முதலாளி, கடை திறந்தாச்சா?" என்றான். நக்கலுக்கு வைத்த பெயர். நக்கல் அடிப்பவனை அவர் மதிக்கவில்லை, பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்.

வியாபாரம் என்று சொன்னால் வாய் வலிக்கும். காசைப் போடுவார்கள், பொருளை எடுக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு அவர் வைத்த பெயர் 'புண்ணியம்'. "ஒரு புண்ணியம் வருது பாரு," என்று டீக்காரனிடம் முணுமுணுப்பார். வந்த புண்ணியம் தலையை ஒரு பக்கம் சாய்த்து, கூண்டுப் பறவைக்குத் தீனி போடுகிற மாதிரி விரல் படாமல் காசைப் போடும். "சீப்பு வேண்டாங்க, நீங்களே வெச்சுக்குங்க," என்று நழுவும்.

"எனக்கு எதுக்குய்யா இத்தனை சீப்பு? இருக்கறதே நாலு முடி," என்பார் முதலாளி. அந்தக் காசில்தான் சாப்பிட்டார். சாப்பிடும்போதும் போட்டவனைத் திட்டிக்கொண்டேதான் சாப்பிட்டார்.

எவனோ வயிற்றெரிச்சல்காரன், இவர் வியாபாரம் பண்ணுகிறார் என்று பென்ஷன் அலுவலகத்தில் போட்டுக் கொடுத்துவிட்டான். விசாரிக்க ஓர் அதிகாரி அறைக்கே வந்தார். இருந்த ஒரே நாற்காலியில் அவர் உட்கார, முதலாளியின் மனைவி சுவரோரம் நின்றாள். ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற அரைக்கூலி வேலை அவளுக்கு. முழங்கை வரை வெந்நீர்த் தழும்பு.

"தொழில் பண்ணினா பென்ஷனை நிறுத்திடுவாங்கம்மா," என்றார் அதிகாரி. பிறகு குரலைத் தாழ்த்தினார். "பிச்சைன்னா பிரச்சினை இல்ல. அது வருமானத்துல சேராது. நாளைக்கு நான் வந்து நின்னு பார்ப்பேன். பார்த்து நடந்துக்கச் சொல்லுங்க."

சொல்லும்போது அவர் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. இதுவரை பார்த்ததிலேயே பெரிய புண்ணியம் இதுதான் என்று பாயில் உட்கார்ந்திருந்த முதலாளிக்குத் தெரிந்துவிட்டது.

அதிகாரி படி இறங்கியதும் மனைவி கதவைச் சாத்தினாள். "ஒரு நாள் கையை நீட்டினா கை தேஞ்சு போயிடாது. இந்த அறை போச்சுன்னா உன் கௌரவத்தையா விரிச்சுப் படுக்கறது?"

"சரி, போடறவன் போடட்டும். நான் வாயைத் திறக்கல," என்றார்.

மறுநாள் அதிகாரி நேர அட்டவணைப் பலகைக்கு அடியில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு நின்றார். புண்ணியங்கள் வந்தன, போட்டன, போயின. முதலாளி குனிந்த தலை நிமிரவில்லை. "என்ன முதலாளி, வாய்க்கு லீவா?" என்ற டீக்காரனை ஒரு முறை முறைத்ததோடு சரி.

உச்சி வெயிலில், இரண்டு கையிலும் பையோடு ஒரு பெண்மணி வந்தாள். ஒரு பையைப் படியில் வைக்க இடம் போதவில்லை. தாங்குகட்டையைக் காலாலேயே ஒதுக்கிவிட்டு வைத்தாள்.

"நகவெட்டி என்ன விலை?"

"நாப்பது." பழக்கதோஷம், வாய் முந்திக்கொண்டது. எப்படியும் போட்டுவிட்டுப் போய்விடுவாள் என்று மறுபடி குனிந்தார்.

"நாப்பதா? இதுக்கா?" நகவெட்டியை எடுத்துத் தன் கட்டைவிரலில் வைத்து அழுத்தினாள். "இது வெட்டுமா, கடிக்குமா?"

"நல்ல இரும்பும்மா."

"தகரம். எங்க சந்துல இருபத்தஞ்சுக்குக் குடுக்கறான்."

"அப்ப அங்கேயே வாங்கிக்குங்க."

"திமிரைப் பாரு. கால் இல்லேன்னா விலையை ஏத்திடறதா? பாவம்னு குடுத்துட்டுப் போயிடுவாங்கன்னு நினைப்பு."

முதலாளி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அந்த முகத்தில் சாய்வு இல்லை. சுத்தமான சந்தேகம், ஏமாற்றுக்கார வியாபாரியைப் பார்க்கிற சந்தேகம். இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் அவரை அப்படிப் பார்த்ததில்லை. பலகைக்கு அடியில் செய்தித்தாள் மடிபடுவது தெரிந்தது. வாடகை ஞாபகம் வந்தது. மனைவியின் முழங்கையும் ஞாபகம் வந்தது.

"முப்பத்தஞ்சு," என்றார். "அதுக்குக் கீழே கட்டுப்படியாகாது."

"இருபது."

"இருபத்தஞ்சுன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?"

"அது கடை. நீ படியில உக்காந்திருக்கே."

"முப்பது. கடைசி விலை."

அவள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். முதலாளி அவசரப்படவில்லை. சரியான தூரம் போக விட்டார். பிறகு, பேருந்தில் தூங்குகிற ஓட்டுநர்கூட விழித்துக்கொள்ளும்படி கூப்பிட்டார்: "சரி வாங்கம்மா, எடுத்துக்குங்க!"

இருபதுக்கு எடுத்துக்கொண்டாள். கொசுறாக ஓர் ஊக்கையும் பிடுங்கிச் சேலையில் குத்திக்கொண்டாள். "எண்ணிப் பார்த்துக்கோ. அப்புறம் குறையுதுன்னு வந்து நிக்காதே."

அதிகாரி வந்து நின்றார். "நான்தான் அவ்வளவு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. பிச்சைக்காரன் எங்கயாவது பேரம் பேசுவானா? கண்ணால பார்த்ததை நான் இல்லேன்னு எழுத முடியாது." தலை இப்போது நேராக இருந்தது. எரிச்சல் மட்டுமே மிச்சம்.

"ஒரு சீப்பு எடுத்துக்குங்க சார். வாங்கின விலைக்கே தரேன்."

அதிகாரி எதுவும் எடுக்கவுமில்லை, போடவுமில்லை. போய்விட்டார்.

வேலை முடிந்து வந்த மனைவி, எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள். ஈரப் புடவையிலிருந்து சோப்பு வாடை அடித்தது.

"கடைசியில எவ்வளவுக்குத்தான் குடுத்தே?"

"இருபது."

"நாம வாங்கினதே இருபத்திரெண்டு."

"தெரியும்."

"ஊக்கு வேற கொசுறா?"

"கேட்டாங்க."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "பென்ஷனைத் தொலைச்சதுதான் தொலைச்சே, ரெண்டு காசு லாபம் வெச்சாவது தொலைச்சிருக்கலாம்ல? உன்னைவிடக் கேடுகெட்ட வியாபாரிய நான் பார்த்ததில்லய்யா."

அவள் எழுந்து அலமாரியிலிருந்து பாத்திரங்களை இறக்க ஆரம்பித்தாள். மலிவாக ஓர் அறை பார்க்க வேண்டும். நாளை காலை வேலை முடிந்ததும் தானே படிக்கு வருவதாகவும், விலை சொல்வது இனித் தன் பாடு என்றும், அவர் தட்டைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தால் போதும் என்றும் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.