அடுப்பைத் தொடக் கூடாத அண்ணி

குற்றச்சாட்டு பின்வருமாறு. கடந்த ஜூன் 14 அன்று நமது முகாம் சங்கத்தின் சாமான் வண்டியில் தீப்பற்றி இரண்டு கூடாரங்கள் கருகின. அடுப்புப் பொறுப்பில் இருந்த என் அண்ணியின் அலட்சியமே அதற்குக் காரணம் என்று செயலாளர் இதே இதழில் எழுதினார். மறு அறிவிப்பு வரும்வரை அவர் சங்கத்தின் அடுப்பைத் தொடக் கூடாது என்றும் உத்தரவிட்டார். இதை மறுத்து நான் அனுப்பிய கடிதங்களின் நகல்களும், அவை சேர்ந்ததற்கான ஒப்புகைச் சீட்டுகளும் என்னிடம் உள்ளன. பதில் மட்டும் இல்லை. ஆகவே, அலட்சியக்காரர் என்று பெயர் சூட்டப்பட்டவர் எப்படிப்பட்டவர் என்பதை வாசகர்களே அறியட்டும்.

அண்ணிக்குப் பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேசையில் வேலை. கன்னம் வீங்கி வருகிறவர்களை உட்காரவைப்பதும், தொலைபேசியில் சமாதானம் சொல்வதும் அவர் பொழுது. விடுமுறை நாளில் முகாமுக்கு வருவது எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "நாள் பூரா எல்லாரையும் கொஞ்சம் காத்திருங்க, கொஞ்சம் காத்திருங்கன்னு சொல்றேன் தம்பி. இதுகிட்ட வந்தாத்தான் நான் காத்திருக்கேன். அது நல்லா இருக்கு" என்றார்.

'இது' என்றது அடுப்பை. பெரிய பால்பவுடர் டப்பா அளவுள்ள தகர உருளை. அடியில் காற்றுத் துளைகள், பக்கவாட்டில் சுள்ளி நுழைக்க ஒரு வாய். அண்ணி அதை "மாப்பிள்ளை" என்றே அழைப்பார். "புது மாப்பிள்ளை மாதிரிதான். எதிர்லயே நின்னு கவனிக்கணும். கொஞ்சம் முகத்தைத் திருப்பினா கோவிச்சுக்குவாரு."

மாப்பிள்ளைக்கு நடக்கும் உபசாரத்தைப் பார்க்க வேண்டும். கூடாரங்களை விட்டு நன்றாகத் தள்ளி, தட்டையான பாறையோ வெறும் மண்ணோ கிடைத்தால்தான் அடுப்பு பையிலிருந்து இறங்கும். சுற்றிலுமுள்ள சருகைக் காலால் ஒதுக்குவார். பின்னலைச் சுருட்டிக் கொண்டை போட்டுக்கொள்வார். துப்பட்டா பைக்குள் போய்விடும். வாளியில் தண்ணீர் பக்கத்துக்கு வந்த பிறகுதான் தீப்பெட்டியைத் திறப்பார். சுண்டுவிரல் பருமனுள்ள காய்ந்த சுள்ளிகளை ஒவ்வொன்றாக ஊட்டுவார்.

அண்ணனுக்குப் பசி பொறுக்காது. "கொஞ்சம் பெட்ரோல் ஊத்தினா குப்புன்னு பிடிச்சிடும்ல?" என்றார் ஒருநாள்.

"பிடிக்கும். முதல்ல உங்க மீசையில."

"மீசை போனா வளருமே."

"புருவமும் போகும். அப்புறம் எப்பவும் ஆச்சரியப்பட்ட மாதிரியே முழிச்சிட்டு இருப்பீங்க. ஆபீஸ்ல சிரிப்பாங்க."

இனி ஜூன் 14. முகாமிட்ட இடத்தை மிகச் சுத்தமாகக் காலிசெய்யும் சங்கத்துக்குப் பரிசு என்பதால், நடுவர்கள் வருமுன் இடம் துடைத்ததுபோல் இருக்க வேண்டும் என்று செயலாளருக்குத் துடிப்பு. அண்ணியின் வழக்கம் வேறு. சாம்பலில் தண்ணீர் ஊற்றுவார், கிளறுவார், மறுபடி ஊற்றுவார். வெறும் கையால் தொட்டுச் சில்லென்று இருந்தால்தான் அள்ளுவார். அன்று முதல் வாளி தீர்ந்ததும், "அடியில இன்னும் கங்கு இருக்குங்க, யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடைக்குப் போனார். திரும்பியபோது அடுப்பு காலியாக இருந்தது. சாம்பலை அண்ணியே அள்ளிவிட்டார் என்று தாம் எண்ணிக்கொண்டதாகச் செயலாளர் பின்னால் விளக்கம் சொன்னார். வண்டி புகைந்தபோது அவர் வாயாலேயே வந்தது வேறு: "சாம்பலை நான்தாங்க பிளாஸ்டிக் பையில அள்ளி வண்டியில போட்டேன். வெள்ளையா இருந்துச்சு, அணைஞ்சிருக்கும்னு நினைச்சேன்." நாங்கள் பதினோரு பேர் கேட்டோம். அறிக்கையில் இந்த வாக்கியம் இல்லை.

அண்ணி வாதாடவில்லை. "விடுங்க தம்பி, அவரு பரிசு வாங்கட்டும்" என்றார். ஆனால் அதற்கடுத்த இரு முகாம்களிலும் எல்லோருடனும் உட்கார்ந்து, கொடுத்ததைச் சாப்பிட்டு, சீக்கிரமே படுத்துவிட்டார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

கடந்த மாத முகாமில் மாலையெல்லாம் தூறல். பெரிய கூடாரத்துக்குள் எல்லோரும் ஒடுங்கியிருந்தோம். செயலாளர் வாசல் ஜிப்பை இழுத்து மூடி, நடுவில் பலகைமீது அடுப்பை வைத்துச் சுள்ளி அடுக்கினார். "பத்து நிமிஷம்தான். சூப் சூடானதும் அணைச்சிடலாம்." குளிரில் எல்லோரும் கைதட்டினார்கள்.

அண்ணி எழுந்தார். அண்ணன் அவர் கையைப் பிடித்தார். "உனக்கு எதுக்கும்மா? தொடக் கூடாதுன்னு எழுத்துல குடுத்திருக்காங்க. இன்னொரு தடவை தொட்டா சங்கத்தை விட்டே தூக்கிடுவாங்க."

"நெருப்புன்னா கத்திட்டு ஓடலாங்க. மூடின இடத்துல இந்தப் புகைக்காத்து நிறைஞ்சா தூக்கம் வர்ற மாதிரிதான் இருக்கும். யாரும் எந்திரிக்க மாட்டோம்."

செயலாளர் குச்சியை உரசப் போனார். குழந்தை கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்குவதுபோல அண்ணி தீப்பெட்டியை வாங்கிக்கொண்டார். ஜிப்பைத் திறந்து, அடுப்பைத் தூக்கிக்கொண்டு தூறலுக்குள் போனார். தூரத்துப் பாறையில் அதை வைத்து, காற்றுக்கு முதுகைக் கொடுத்துக் குந்தி, தன் உடம்பாலேயே மறைவு கட்டினார்.

உத்தரவின்படி அண்ணி அடுப்பைத் தொட்டது விதிமீறல். அவரைச் சங்கம் நீக்கப்போகிறதா, இல்லையா? செயலாளர் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுகிறேன். வாய்மொழிப் பதில் ஏற்கப்படாது.