கஸ்தூரி அக்காவின் முகத்தில் ஊதிய புகை

ரேணிகுண்டாவில் ரயிலுக்கு நின்றிருந்தபோது நகரி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. "கஸ்தூரி அக்கா பூட்டாங்க. ஹார்ட் அட்டாக்." பேசியவர், "பீடிய உடுன்னு ஊருக்கே சொன்னவங்களுக்கே வந்திருக்கு பாரு" என்றார். அதையே அன்று பலர் சொன்னார்கள். சிலர் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

நகரியின் பவர்லூம் கொட்டகைகளில் பீடியை விடச் சொல்லி வருடக்கணக்கில் அலைந்த நர்ஸ் அவர். ஒருமுறை நானும் உடன் போயிருந்தேன். தறி ஓட்டும் முனுசாமி அவர் முகத்திலேயே புகையை ஊதி, "என் நெஞ்சு, என் பீடி. உனக்கின்னா?" என்றார். கொட்டகையே சிரித்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நெஞ்சு உன்னுது. பொகை பக்கத்துத் தறிக்காரனுக்கும் போவுதில்ல?" என்றார். அடுத்த வாரமும் போய் நின்றார்.

தறிக்காரர்கள் முதலில் வெளியே போய்ப் பிடித்தார்கள். பிறகு குறைத்தார்கள். "கொறச்சா பத்தாது, உட்டுடு" என்று அக்கா விடவில்லை. பலர் அடியோடு விட்டார்கள். நான் அதே ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுப்பவன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரும் நடுவயதுக்காரர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்ததைக் கண்ணால் பார்த்தேன். பிரஷர் மாத்திரையும் உதவியிருக்கும், பீடி குறைந்ததும் உதவியிருக்கும் என்றார் டாக்டர். அக்காவுக்கு ஒருவரும் நன்றி சொல்லவில்லை. அதைச் சொன்னபோது, "செத்தவன் பேரு ஊருக்கே தெரியும். தப்பிச்சவனுக்கு, தான் தப்பிச்சதே தெரியாது. யாரு வந்து சொல்லுவான்?" என்றார்.

அவர் வீடு ஒற்றை அறை. கணவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே பிடிப்பார். அவரிடம் சொல்லக் கூடாதா என்று கேட்டேன். "ஊருக்குத்தான் நான் நர்ஸு. அங்க சொன்னா ஒதைப்பாரு" என்றார், மருந்துகளை அடுக்கிக்கொண்டே. பீடியையே தொடாத அக்காவின் நெஞ்சில் அடைப்பு வர அந்தப் புகையும் காரணமாக இருக்கலாம் என்கிறார் டாக்டர் இப்போது.

சாவு வீட்டுக்கு முனுசாமியும் வந்திருந்தார். அவர் பீடியை விட்டுப் பல வருடமாகிறது. உடலின் தலைமாட்டில் உட்கார்ந்து கணவர் ஒரு பீடியைப் பற்றவைத்தார்.

"இங்கயாவது வாணாம்ணா" என்றார் முனுசாமி.

"இனிமே அவளுக்கு இன்னா ஆவப்போவுது?" என்று கணவர் நன்றாக இழுத்து விட்டார். தடுக்க யாரும் எழுந்திருக்கவில்லை.

நேற்று புத்தூர் பஸ் ஸ்டாண்டில் கைக்குழந்தையோடு நின்ற பெண்ணுக்குப் பக்கத்தில் ஒருவர் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் அப்பால போய்ப் புடிங்க" என்றேன். அசிங்கமாகத் திட்டினார். திட்டிக்கொண்டே நகர்ந்தும் போனார். எனக்குக் கூச்சமாக இல்லை. அக்காவிடமிருந்து எனக்கு வந்தது அது ஒன்றுதான்.