ஆற்றின் அடியில் ஒரு கேரியர்

தெருவில் அவரைப் பைப்புக்காரர் என்றால்தான் தெரியும். முப்பத்தெட்டு வருடம் ஊரார் வீட்டு ஒழுகல்களை நிறுத்தியவர், வேலையை விட்ட பிறகு மாடி அறையில் பெரிய பலகை போட்டுப் பொம்மை ரயில் ஓட விட்டார். ரயில் பாலம், அதை ஒட்டி லெவல் கிராசிங் கேட், பக்கத்தில் ஓட்டு வீடு. அவருடைய அப்பா கேட் கீப்பராக இருந்த இடம், நினைவிலிருந்து அப்படியே. பாலத்துக்குக் கீழே ஆறு மட்டும் பாக்கி.

அந்த ஆற்றை அக்காவுக்காகத்தான் செய்தார். அக்கா சனிக்கிழமை வருகிறாள். அடுத்த வாரம் மகனோடு வெளிநாட்டுக்குப் போய்விடுவாள். அதற்குள் அவளிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வாயால் சொல்ல ஐம்பத்தைந்து வருடமாக வரவில்லை.

அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவது அக்காவின் பொறுப்பு. அப்போது அவளுக்குப் பதினொன்று, இவருக்கு எட்டு. ஒரு நாள் காலி கேரியரை ஆற்றில் கழுவிப் படித்துறையில் வைத்துவிட்டு அவள் தலைமுடியை முடிந்துகொண்டிருந்தபோது, இவர் அதை எடுத்துக் கப்பல் விட்டார். மூன்றடுக்குக் கப்பல் நாலு முழம் போய் மூழ்கியது. ஆறு அடித்துக்கொண்டு போய்விட்டது என்று அக்கா நம்பினாள். அம்மாவிடம் அவள் வாங்கிய அடியை இவர் கதவுக்குப் பின்னாலிருந்து எண்ணினார். அன்று முதல் வீட்டில் அவள் பெயர் ஓட்டைக்கை; எதைக் கொடுத்தாலும் நழுவவிட்டுவிடுவாளாம்.

செம்புக் கம்பியில் மூன்று துணுக்கு வெட்டி, ஈயப்பற்று வைத்து, பயறு அளவில் ஒரு கேரியர் செய்தார். ஆற்றடியில் அது கிடக்கும், அக்கா பார்ப்பாள், புரிந்துகொள்வாள். அதற்குத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும்.

முதல் தப்பு தொழில் புத்தியால் வந்தது. புதுத் தொட்டி கட்டினால் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் ஒழுகல் பார்ப்பது அவர் வழக்கம். பிளாஸ்டரில் செய்த ஆற்றுப் படுகையிலும் நிஜத் தண்ணீரை ஊற்றிவைத்தார். காலையில் படுகை ஊறிய ரொட்டியாக உப்பிக் கிடந்தது.

"ஆத்துக்கே ஒழுகல் பார்த்த ஆளு நீங்க ஒருத்தர்தாங்க," என்றாள் மனைவி.

"சிரிக்காதே. போய் ஃபேனைத் தூக்கிட்டு வா."

காய வைத்து, மறுபடி பூசி, நடுவில் கரும்பச்சையும் ஓரத்தில் மணல் நிறமும் அடித்து, கேரியரை ஒட்டினார். பிறகு தண்ணீருக்குப் பதிலாக, காய்ந்தால் கண்ணாடியாகிவிடும் பிசினையும் அதை இறுக வைக்கும் இறுக்கியையும் அளந்து கலந்து, மெல்லிசாக ஒரு அடுக்கு. ஒரு நாள் பொறுத்து இன்னொன்று. குமிழி வந்தால் மனைவியின் ஹேர் டிரையரால் சூடு காட்டினார். வெள்ளிக்கிழமைக்குள் இறுகிவிட்டது.

சனிக்கிழமை அக்கா மாடி ஏறி வந்தாள். கேட்டைத் தொட்டாள், ஓட்டு வீட்டின் ஜன்னலைத் தொட்டாள். "இந்த ஜன்னலுக்கு ஒரு கதவுதான்டா இருந்துச்சு. மறந்துட்டியா?" என்று சிரித்தவள், குனிந்து ஆற்றைப் பார்த்தாள்.

"இது நம்ம ஆறா? குடிதண்ணித் தொட்டி மாதிரி இருக்கு. நம்ம ஆறு என்னைக்குடா அடி தெரிஞ்சுச்சு? டீ கலர்ல ஓடும்."

"கொஞ்சம் உள்ள பாருக்கா."

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள். முகம் மாறிவிட்டது. "ஓ! நான் தொலைச்ச கேரியரா? இதையும் செஞ்சு வெச்சுட்டியாக்கும். நான் ஊரை விட்டுப் போறப்போ கூடவா கிண்டல்?"

இப்படி ஆகும் என்று அவர் நினைக்கவே இல்லை.

"இல்லக்கா. நீ தொலைக்கல. நான்தான். கப்பல் விட்டேன்."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். மனைவி கொண்டுவந்த காபியை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"என் கல்யாணத்துக்குக் கூட அம்மா ஒரு கண்ணாடி சாமான் தரலடா," என்றாள். "என் பேத்திகூட, 'ரெண்டு கையால புடிங்க பாட்டி'ங்கறா. படுபாவி, ஒரு தடவை சொல்லியிருந்தா என்ன?"

"அடி விழும்னு பயம்."

"அம்மா போய் இருபது வருஷம் ஆச்சு. அப்புறம் யாரு அடிக்கப் போறா?"

அவர் பிசின் டப்பாவை எடுத்தார். "வேணும்னா மேல கலங்கலா ஒரு அடுக்கு ஊத்தி மூடிடறேன்," என்றார்.

"மூடுவியா? நல்லா இருக்கே! ஆறு முழுக்கக் கலங்கலா ஊத்து. அந்தக் கேரியர் இருக்கிற ஓரம் மட்டும் தெளிவா இருக்கட்டும். வர்றவங்க ஒவ்வொருத்தரும் கேப்பாங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் நீ சொல்லணும்."

"சரிக்கா."

"முதல்ல என் மகனுக்கு இப்பவே போனைப் போடு."

ஸ்பீக்கரில் போட்டுச் சொன்னார். மறுமுனையில் அக்கா மகன் விழுந்து விழுந்து சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை, புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு எழுந்து, பிசினில் பழுப்புச் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விடச் சொன்னாள். "இன்னும்... இன்னும் ஒரு சொட்டு... போதும். இதுதான்." கலந்த கோப்பையை அவளே எடுத்துக்கொண்டு பாலத்துக்கு மேலாகக் குனிந்தாள்.

பழக்கதோஷம். பைப்புக்காரரின் கை கோப்பைக்குக் கீழே போய் நின்றது.

"கைய எடுடா," என்றாள் அக்கா.

எடுத்துக்கொண்டார். அவள் ஒரே கையால் ஊற்றினாள்.