ஐந்தாம் மாடிக்கு ஒத்திகை

"இரும்மா, வாசல்ல காய்காரர் நிக்கிறார்" என்று சொல்லிவிட்டு, காதிலிருந்த ஒயர் இல்லாத இயர்போன்களை உருவி உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, மாடிப்படியில் தொப்பென்று உட்காருகிறார் காலரம்மா. காய்காரரும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. மூச்சிரைப்பது மகளுக்குக் கேட்கக் கூடாது, அவ்வளவுதான். "நாள் பூரா சும்மாதானே இருந்தே? இப்ப என்ன கேடு உனக்கு?" என்று தன் முழங்காலை ஒரு பிடி பிடிக்கிறார். பிறகு இயர்போன்களை மாட்டிக்கொண்டு, ஒன்றும் அறியாத பிள்ளை போல, "ஆங், சொல்லும்மா" என்கிறார்.

எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டுக்காரர். சட்டை தைக்கும் ஆலையில் காலர் வைப்பது வேலை. அதனால்தான் அந்தப் பெயர். உட்கார்ந்தே உழைத்ததில் உடம்பு கனத்து, முழங்கால் மக்கர் செய்கிறது. மகளோ வேறு ஊரில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் ஐந்தாம் மாடியில். அடுத்த மாதம் அவளுக்குப் பிரசவம். போன முறை சென்றபோது இரண்டாம் மாடியிலேயே மூச்சு முட்டி, மருமகன் தாங்கிப் பிடிக்க, அக்கம்பக்கம் வேடிக்கை பார்க்க, மானமே போயிற்றாம்.

"பேரப்புள்ளையக் கீழ கொண்டாந்து காட்டுங்கன்னு கேக்கச் சொல்றீங்களாக்கா?" என்று என்னிடம் பொரிந்தார்.

அன்று முதல் மாலையானால் படியேற்றம்தான். ஒரு கை கைப்பிடிக்கு, ஒரு கை முழங்காலுக்கு. போனைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? அதற்குத்தான் இயர்போன். பாட்டெல்லாம் இல்லை, மகளோடு பேச்சு. காதை அடைத்துக்கொண்டு உரக்க ரகசியம் பேசுவதால் சம்பந்தியின் குறட்டை வரை எங்களுக்கு அத்துப்படி.

காதிலிருந்து கழற்றிவிட்டால் அந்தப் பக்கம் எதுவும் கேட்காது என்பது அவர் நம்பிக்கை. திருத்தலாம் என்று கிளம்பினேன். அதற்குள் மகளே என்னைப் போனில் கூப்பிட்டுவிட்டாள். முழங்காலுக்கு விழும் திட்டு உட்பட எல்லாமே கேட்கிறதாம்.

"சொல்லிடாதீங்க பெரியம்மா. தெரிஞ்சா போனை வெச்சுட்டு ஏறுவாங்க. விழுந்தாக்கூட எனக்குத் தெரியாது."

வாயை மூடிக்கொண்டேன், எனக்கு அது லேசுப்பட்ட காரியமா!

நேற்று முதல் தடவையாக நாலாம் மாடிக்கு, என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை. சந்தோஷத்தில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தண்ணீர் எடுக்க உள்ளே ஓடினேன்.

திரும்பி வந்து பார்த்தால் வாசலில் ஆளில்லை. எங்கள் கட்டடத்துக்கு ஐந்தாம் மாடி கிடையாது. மொட்டைமாடிக்குப் போகும் படிகள்தான் உண்டு. அவற்றின் முன்னால், இயர்போன்கள் காதிலேயே இருக்க, இரைக்க இரைக்க நின்றுகொண்டிருந்தார்.

"இரும்மா, மூச்சு வாங்குது" என்றார் மகளிடம். "இன்னும் ஒரு மாடிதான்."

கைப்பிடியை இறுகப் பற்றி, வலிக்கிற காலையே முதலில் தூக்கி வைத்தார்.